சுருகாத் துறையும் கோபே மதிலும்

உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு படம் அது. கறுப்பு மேலங்கி அணிந்த இளம்பெண் ஒருத்தி கல்மதில் ஒன்றின் முன்னே நிற்கிறாள். தலையைத் துணியொன்றாற் கட்டியிருக்கிறாள். முகத்திற் சிரிப்பும் இல்லை, துயரமும் இல்லை. நெடுந்தூரம் வந்தவர்களிடம் காணப்படும் ஒருவகை நிதானம் மாத்திரம் உண்டு. படத்தின் இடப்புறம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியவரின் கை சற்றுத் தவறியதோ என்னவோ, பெண்ணின் தோளின் மேல் நான்கு விரல்கள் எஞ்சி நிற்கின்றன. விரல்களுக்குரியவர் இல்லை. படத்தின் முதுகிலே பென்சிலால் 1941 என்று எழுதப்பட்டிருக்கிறது. வேறொரு சொல்லும் இல்லை.

இப்படத்தை நாம் முதன்முதலிற் கண்டது ஒசாக்கா நகரில், ஒரு விடுதியின் சாப்பாட்டு மேசையில். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆசிரியர்களுக்கான குறுங்காலப் பயிற்சியொன்றின் பொருட்டு மூன்று வாரம் அங்கே தங்கியிருந்தோம். நாமோ மரக்கறி உணவினர். யப்பானியர் சமையலில், பார்வைக்கு மரக்கறியாய்த் தோன்றும் குழம்பிலும் மாசி கலந்திருக்கும் என்பதை முதல் நாளே அறிந்துகொண்டோம். நம் நாட்டிற் சம்பலுக்கு இடிக்கும் அதே மாசிதான். அங்கே அதனை மெல்லிய சீவல்களாகச் சீவி, வெந்நீரிலிட்டுச் சாறெடுக்கிறார்கள். ஆகவே வேளைக்கு வேளை சமையற்காரரிடம் சென்று, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பது எமது வழக்கமாயிற்று. அடுத்த மேசையிலிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரும் அதே கேள்வியைக் கேட்டபடி எழுந்து வந்தார். அவருக்கு மாசி ஆகும். பன்றியும் இறாலும் ஆகா. இவ்வாறு சமையலறை வாசலிலே தொடங்கியது எமது நட்பு.

அவர் யூதர். வயது எழுபத்திரண்டு. மெல்பேண் நகரிலே கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் ஆசிரியரை "மாஸ்ரர்" என்று அழைப்போம் என்று சொன்னபோது அச்சொல் அவருக்குப் பெரிதும் பிடித்துவிட்டது. அன்று முதல் அவர் எமக்கு மாஸ்ரர். நாம் அவருக்கும் மாஸ்ரர். படத்திலுள்ள பெண் அவருடைய அன்னையார். அன்னையார் போர்க்காலத்தில் நடந்த வழியெல்லாம் தாமும் ஒருமுறை நடந்துபார்க்க வேண்டுமென்று, ஓய்வு பெற்ற காலந்தொட்டு அவர் பகுதி பகுதியாகப் பயணஞ் செய்து வருகிறார். 2017இல் லித்துவேனியா. 2018இல் மொஸ்கோவிலிருந்து விளாடிவொஸ்ரொக் வரை புகையிரதம். இனி எஞ்சியிருந்தவை யப்பானும் சங்காயும்.

வகுப்பிலே இரண்டாம் உலகப் போரைப் படிப்பிக்கும்போது, போலந்தின் வீழ்ச்சியை ஒரு பாடவேளையில் முடித்துவிடுகிறோம். 1939 செப்டெம்பர் 1ஆந் திகதி மேற்கிலிருந்து ஜேர்மனி புகுந்தது. 17ஆந் திகதி கிழக்கிலிருந்து சோவியத் படை புகுந்தது என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடிட்டு விடுவோம். அந்தக் கோட்டின் கீழே எத்தனை பேர் மூட்டை முடிச்சுடன் நடந்தார்கள் என்பதை மாணவர் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை. அவ்வாறு நடந்தவர்களுட் பல்லாயிரம் யூதர்கள் அயல் நாடாகிய லித்துவேனியாவின் வில்னா நகருக்குப் போய்ச் சேர்ந்தனர். மாஸ்ரரின் அன்னையாரும் ஒருவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

1940 யூன் மாதத்தில் லித்துவேனியாவையும் சோவியத் படை பிடித்துக்கொண்டது. அந்நாட்டின் கௌனஸ் நகரிலிருந்த வெளிநாட்டுத் தூதரகங்கள் யாவும் ஓகஸ்ற் மாத இறுதிக்குள் மூடப்படல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. எஞ்சியிருந்தது ஒரேயொரு திசை, கிழக்கு. அத்திசையிற் போவதற்கு இரண்டு முத்திரைகள் வேண்டும். முதலாவதைக் கொடுத்தவர் யான் ஸ்வார்ட்டென்டைக் என்னும் ஒல்லாந்தர். அவர் தொழில்முறைத் தூதரல்லர். பிலிப்ஸ் கம்பனியின் முகவராயிருந்து, பதிற்கடமையாகத் தூதர் வேலையையும் பார்த்தவர். கரீபியன் கடலிலுள்ள குராசோ என்னும் ஒல்லாந்தத் தீவுக்குப் போக விசா வேண்டியதில்லை என்று அவர் கடவுச்சீட்டுகளில் எழுதிக் கொடுத்தார். ஆளுநரின் அனுமதி வேண்டும் என்ற அடுத்த வாக்கியத்தை எழுதாமல் விட்டார். இதனிலும் பயனுள்ள ஒரு மௌனத்தை நாம் வரலாற்றிற் கண்டதில்லை.

இரண்டாவது முத்திரை யப்பான் வழியாகக் கடந்து செல்லும் விசா. அதனைக் கொடுத்தவர் யப்பானியத் துணைத்தூதர் சியூனே சுகிஹாரா. கடந்து போகிறவர்கள் போய்ச் சேரும் நாட்டுக்கு உரிய அனுமதியும் போதிய பணமும் உடையவர்களாயிருத்தல் வேண்டும் என்பது அவரது மேலிடத்தின் கட்டளை. அந்நிபந்தனை நிறைவேறாதவர்களுக்கும் அவர் எழுதினார். யூலை இறுதி தொடக்கம் செப்டெம்பர் முற்பகுதியில் ஊரைவிட்டுப் புறப்படும் வரை எழுதினார். அவர் அனுப்பிய பட்டியலில் 2,139 பெயர்கள் உள்ளன. மாஸ்ரரின் அன்னையார் பெயரும் அதில் உண்டு. அவருடன் வந்தவரின் பெயரைத் தேடிப் பார்க்கவில்லையா என்று கேட்டோம். "யாரென்றே தெரியாத ஒருவரைப் பட்டியலில் எப்படித் தேடுவது?" என்றார் மாஸ்ரர்.

கணித ஆசிரியர் அல்லவா? தெரியாக் கணியம் ஒன்று. அதற்குரிய சமன்பாடோ ஒன்றுமில்லை.

ஒரு சனிக்கிழமை மாலையில், மறுநாள் தாம் சுருகாவுக்குப் போவதாகச் சொன்னார். எமக்கும் ஞாயிறு விடுமுறை. உடன் வரலாமா என்று கேட்டோம். அவர் சற்று நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, "உங்களிடம் குடை இருக்கிறதா?" என்றார்.

சுருகா, யப்பானின் மேற்குக் கரையில், புக்குயி மாநிலத்திலுள்ள ஒரு துறைமுகப் பட்டினம். மழைக்குப் பேர்போன பகுதி. சோற்றுப் பொதியை மறந்தாலும் குடையை மறவாதே என்பது அக்கரையோர மக்களின் பழமொழியாம். ஒசாக்காவிலிருந்து கடுகதிப் புகையிரதத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வழியில் பீவா என்னும் பேரேரி நெடுநேரம் வலப்பக்கத்தே கூடவே வருகிறது. ஏரி என்றுதான் பெயர். அக்கரை தெரியாத இடங்களில் எமது கண்ணுக்கு அது கடலேதான்.

வண்டியிலே மாஸ்ரர் ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதன் கதை தனியே சொல்லத்தக்கது. அகதிகளை விளாடிவொஸ்ரொக்கிலிருந்து சுருகாவுக்கு ஏற்றிவந்த கப்பல்களுள் முதன்மையானது அமகுசா மாரு. இரண்டாயிரத்துச் சொச்சம் டன் நிறையுள்ள பழைய கப்பல். அதிலே யப்பான் சுற்றுலாப் பணியகத்தின் இளம் உத்தியோகத்தர் ஒருவர் பலமுறை போய்வந்தார். பெயர் தட்சுவோ ஓசாகோ. அமெரிக்க யூத நிறுவனங்கள் அனுப்பிய பணத்தை உரியவர்களிடம் சேர்ப்பித்து, பெயர்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. குளிர்காலக் கடல், கப்பல் ஆடும் ஆட்டத்தில் அவரும் வாந்தியெடுப்பார், அகதிகளும் வாந்தியெடுப்பர். கரைசேர்ந்தபோது நன்றிக்கு வேறொன்றும் கொடுக்க இல்லாத சிலர், தம்முடைய சிறு படத்தைப் பின்புறத்தில் இரண்டு வரி எழுதி அவரிடம் கொடுத்தனர். அவர் அவற்றை ஓர் அல்பத்தில் ஒட்டிவைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த அல்பம் வீட்டிலேயே கிடந்தது. பின்னர் அவருக்குக் கீழ் வேலை செய்த அக்கிரா கித்தாதே என்பவர் அதைக் கண்டு, அதிலிருந்த ஏழு முகங்களுக்கும் உரியவர்களைத் தேடிப் புறப்பட்டார். தேடிய கதையைப் புத்தகமாகவும் எழுதினார். ஓசாகோ 2003இல் காலமானார். அதற்குப் பின்னரே அமெரிக்கா முதலிய நாடுகளில் அந்த முகங்களுட் சில இனங்காணப்பட்டன. கண்டுபிடிக்க உதவியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். தாயின் வாலிப முகத்தைப் பிள்ளைகள் ஒரு யப்பானியரின் அல்பத்திலே கண்டார்கள்.

"நான் சிறுபிள்ளையாயிருந்தபோது அம்மா ஒரு தடவை சொன்னார், கப்பலில் ஒரு யப்பானியருக்குத் தம்முடைய படத்தைக் கொடுத்ததாக" என்றார் மாஸ்ரர். "அதனால் இந்தப் புத்தகம் கிடைத்த அன்று இரவு, ஏழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு வெளிச்சமான இடத்திலே வைத்து மறுபடியும் பார்த்தேன்." புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்னையார் அந்த ஏழில் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

சுருகா நிலையத்தில் இறங்கினால் ஒரு வியப்பு. 2024 மார்ச்சிலேதான் அதிவேகப் புகையிரதப் பாதை இவ்வூர் வரை நீட்டப்பட்டது. ஆகவே நிலையம் ஊரிலும் பெரிது. அங்கிருந்து துறைமுகம் நோக்கிச் செல்லும் வீதியோரத்தில், விண்வெளியில் ஓடும் புகையிரதம் பற்றிய சித்திரக் கதையொன்றின் பாத்திரங்கள் வெண்கலச் சிலைகளாய் நிற்கின்றன. பழைய பெருமை ஒன்றை நினைவூட்டுவதற்காக அவ்வாறு செய்தார்களாம். பெருமை மெய்யானதே. 1912 தொடக்கம் தோக்கியோவிலிருந்து இத்துறைமுகம் வரை ஐரோப்பியத் தொடர்வண்டி ஓடியது. இங்கே கப்பலேறி, விளாடிவொஸ்ரொக்கில் இறங்கி, மறுபடி புகையிரதமேறினால் பாரிஸ் வரை போகலாம். ஒரே பயணச்சீட்டுப் போதும்! இன்று சிலைகளைக் கடந்து பஸ்சிற் போகும் பிள்ளைகளுக்கு இது சித்திரக் கதையைவிட நம்பத் தகாததாய்த் தோன்றக்கூடும்.

பழைய ஊர் இன்றில்லை. 1945 யூலை 12ஆந் திகதி இரவு அமெரிக்க விமானங்கள் குண்டு வீசிச் சுருகாவை எரித்துவிட்டன. துறைமுகத்தருகே 1905இற் கட்டிய செங்கற் களஞ்சியங்கள் தப்பி நிற்கின்றன. அவற்றிலிருந்து சிறிது தூரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது நூதனசாலை. 2008இல் திறந்து, 2020இல் புதிய கட்டடங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். துறைமுகத்தில் முன்னர் இருந்த நான்கு கட்டடங்களின் சாயலிற் கட்டியிருக்கிறார்கள். சுருகாவை "மனிதாபிமானத் துறைமுகம்" என்று அழைக்கிறார்கள். இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, 1920க்கும் 1922க்கும் இடையில் சைபீரியாவிற் பெற்றோரை இழந்து தவித்த போலந்துக் குழந்தைகள் எழுநூறுக்கு மேற்பட்டோர் இங்கே கரையிறக்கப்பட்டு ஆதரிக்கப்பட்டமை. இரண்டாவது, 1940, 41இல் வந்த யூதர்கள்.

அவ்வூர் மூத்தோரிடம் கேட்டுத் திரட்டிய நினைவுகளே எமது மனத்தை அங்கே அதிகம் கவர்ந்தன. ஒரு சிறுவன் கூடை நிறைய ஆப்பிளுடன் வந்து அகதிகளிடம் கொடுத்தானாம். ஒருவர் ஒரு கடி கடித்து, அடுத்தவரிடம் கொடுப்பார். அவரும் ஒரு கடி கடித்து அப்பாற் கொடுப்பார். பொதுக் குளிப்பறை வைத்திருந்த ஒருவர், ஒருநாள் ஊரவருக்குக் கதவை அடைத்து, அகதிகள் காசின்றிக் குளிக்க விட்டார். புகையிரத நிலையத்துக்கு எதிரே இருந்த மணிக்கூட்டுக் கடைக்காரர் அவர்களின் கைக்கடிகாரங்களை வாங்கினார். இருந்த உணவையும் கொடுத்தார். கடிகாரம் விற்ற காசுதான் பலருக்கு அடுத்த வேளைச் சாப்பாடு.

ஆனால் எல்லாம் இனிப்பாய் இருந்ததென்று மாணவர் எண்ணிவிடலாகாது. 1940 செப்டெம்பரில் யப்பான் ஜேர்மனியுடன் உடன்படிக்கை செய்துகொண்ட நாடு. சீனாவில் அதன் படைகள் செய்தவற்றை எழுத இக்கட்டுரையில் இடமில்லை. இதே துறைமுகத்தில் 1941 மார்ச்சிலே, உரிய பத்திரம் இல்லையென்று எழுபதுக்கு மேற்பட்ட யூதர்களை இறங்கவிடாது, வந்த கப்பலிலேயே விளாடிவொஸ்ரொக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயும் இறங்கவிடவில்லை. கோபேயிலிருந்தவர்கள் ஓடித்திரிந்து பத்திரம் பெற்றுக் கொடுத்த பின்னரே அவர்கள் மீண்டும் வந்து கரையேறினார்கள். ஒரே கடலை மூன்று முறை கடந்தவர்கள்.

மாஸ்ரர் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று நிதானமாகப் பார்த்தார். கப்பற் தட்டுப் படங்கள், இறங்குதுறைப் படங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார். பிறகு, அங்கே தொண்டு வேலை பார்க்கும் வயோதிப மாது ஒருவரிடம் தமது படத்தைக் காட்டி, இந்த மதில் சுருகாவில் எங்காவது இருந்ததா என்று கேட்டார். அம்மாது படத்தை இரு கைகளாலும் வாங்கி, சாளரத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் பேசியது எமக்கு விளங்கவில்லை. உடன் வந்த இளைஞர் ஆங்கிலத்திற் சொன்னார்: சுருகாவில் அவர்கள் பெரும்பாலும் ஓரிரு மணி நேரமே நின்றார்கள். இறங்கியதும் புகையிரதம் ஏறிக் கோபேக்குப் போனார்கள். நின்று படம் எடுக்க நேரமிருந்திருக்காது. கல்லைப் பார்த்தால் கோபேக் கல் போல இருக்கிறது.

படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மாது தோளிலிருந்த விரல்களைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். இளைஞர் அதை மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்தபோது பழமொழி பொய்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. இறங்குதுறை ஓரத்தில் ஒரு கூரையின் கீழ் ஒதுங்கி நின்றோம். முன்னே ஈயநிறக் கடல். அங்கேதான் மாஸ்ரர் தமது மனத்திலிருந்ததைச் சொன்னார்.

அவருடைய பெற்றோர் சந்தித்தது போருக்குப் பின்னர், அவுஸ்திரேலியாவில். ஆகவே விரல்கள் தந்தையாருடையவை அல்ல. அன்னையார் 1994இல் இறக்கும் வரை அப்படத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. இறந்த பின்னர், உடுப்புப் பெட்டியின் அடியில் இருந்ததை மகன் கண்டெடுத்தார். முன்னொரு கணவன் இருந்தானா? அவன் இவரைக் கைவிட்டுப் போனானா? கோபேயிலிருந்து அமெரிக்காவுக்குப் போக விசா கிடைத்த யாரோ ஒருவன், விசா கிடைக்காத இவரை விட்டுவிட்டுக் கப்பலேறினானா? "கத்தரிக்கோல் எடுத்து ஒருவனை வெட்டி எறிய வேண்டுமானால், அம்மாவுக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும்!" என்றார். "முப்பது வருடமாக அந்த மனிதனை வெறுத்து வந்திருக்கிறேன், மாஸ்ரர். அவன் யாரென்றே தெரியாமல்."

நாம் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். பின்னர், எமக்குத் தெரிந்ததைச் சொல்வது கடமையென்று தோன்றியது.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளிற் கல்வெட்டு என்று ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்க்கெல்லாம் கொடுப்பது வழக்கம். முன்பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்க வேண்டும். முற்காலத்தில் எல்லாருக்கும் தனிப்படம் இராது. அப்போது வீட்டிலுள்ள கலியாணப் படத்தையோ குடும்பப் படத்தையோ எடுத்து, இறந்தவர் நிற்கும் பாகத்தை மாத்திரம் வெட்டி ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெருப்பிப்பார்கள். எமது அப்பாச்சியின் கலியாணப் படம் இப்போதும் வீட்டில் இருக்கிறது. அதிற் பாதி இல்லை. அப்பப்பா நின்ற பாதி கல்வெட்டுக்காக ஸ்ரூடியோவுக்குப் போனது, திரும்பி வரவில்லை. மணமகள் மாத்திரம் மாலையுடன் தனியே நிற்கிறார். அவர் கையைப் பிடித்திருந்த கையின் ஒரு பகுதி ஓரத்தில் எஞ்சியிருக்கிறது. அப்பாச்சி கோபித்து வெட்டினார் என்று யாரேனும் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள்.

மாஸ்ரர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"சங்காய்" என்றார் கடைசியாக.

அவர் எண்ணியது எமக்கும் விளங்கியது. போக இடமில்லாது கோபேயில் எஞ்சிய ஏறக்குறைய ஆயிரம் யூதரை, 1941இன் பிற்பகுதியில் யப்பானியர் தம் ஆட்சியிலிருந்த சங்காய்க்கு அனுப்பினார்கள். 1943 பெப்ரவரி 18இல் வந்த கட்டளைப்படி, நாடற்ற அகதிகள் யாவரும் ஹொங்கியூ என்னும் ஒடுங்கிய பகுதிக்குள் அடைந்துகொள்ள வேண்டியதாயிற்று. வெளியே வேலைக்குப் போவதானால் அனுமதிச்சீட்டு வேண்டும். பசியும் நோயும் பலரைக் கொண்டுபோயின. போர் முடிவதற்கு ஒரு மாதமே இருந்த நிலையில், 1945 யூலை 17இல், அமெரிக்க விமானக் குண்டுகள் தவறி அப்பகுதியில் விழுந்தன. சீனர் பலரோடு யூதர் முப்பதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். தோளிற் கை வைத்து நின்றவர் அங்கே இறந்திருக்கலாம். அனுமதிச்சீட்டில் ஒட்டுவதற்காகவும் அந்தப் பாதி வெட்டப்பட்டிருக்கலாம். எதுவும் நிச்சயமில்லை. ஆனால் கோபம் ஒன்றே காரணமென்று இருந்த இடத்தில், இப்போது இரண்டு மூன்று காரணங்கள் வந்து நின்றன.

மழை சற்று விட்டதும் மாஸ்ரர் கரையோரமாகப் போய்க் கூழாங்கல் ஒன்றைத் தேடியெடுத்தார். யூதர் கல்லறைக்குப் பூ வைப்பதில்லை. சிறு கல் ஒன்றை வைப்பார்கள். அன்னையாரின் கல்லறையில் வைப்பதற்கா என்று கேட்டோம். ஆம் என்றார். பிறகு குனிந்து இன்னுமொன்றை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு கோபே. ஒசாக்காவிலிருந்து அரை மணிப் பயணம். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல். இடையிலே நீண்டு கிடக்கும் நகரம். 1945இல் குண்டுகளால் எரிந்தது, 1995 ஜனவரி 17இல் பூமியதிர்ச்சியால் மீண்டும் இடிந்தது. மலைப்பக்கமாக ஏறும் சரிவுகளிலே வெளிநாட்டு வணிகர் கட்டிய பழைய வீடுகள் இன்னும் உண்டு. இந்திய வணிகரும் அங்கே நெடுங்காலமாக இருந்து வருகிறார்கள். 1935இற் கட்டிய பள்ளிவாசலும் இரண்டு அழிவுகளுக்கும் தப்பி நிற்கிறது.

இந்தச் சரிவிலே, யாமாமொத்தோ வீதியில் இருந்தது யூதர் சங்கக் கந்தோர். கோபேயில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் மிகச் சில. அவர்களே ஆயிரக்கணக்கில் வந்தவர்களுக்கு வீடு பார்த்து, பாண் கொடுத்து, கப்பலுக்கு ஒழுங்கு செய்தார்கள். கடந்து செல்லும் விசாவின் காலம் சில நாட்களே. அதனை நீட்டிப்பதற்கு அதிகாரிகளிடம் நடையாய் நடந்தவர் செட்சுசோ கொட்சுஜி என்னும் யப்பானியர். எபிரேய மொழி அறிஞர். பிற்காலத்தில் 1959இல் அவர் யூத சமயத்தையே தழுவினார். அவர் உடல் எருசலேமில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

1941 வசந்த காலத்திலே இந்தக் கந்தோருக்குக் கமராக்களுடன் சிலர் வந்தார்கள். ஒசாக்காவைச் சேர்ந்த தன்பேய் புகைப்படக் கழகத்தார். நக்காஜி யசுயி என்னும் பெரும் புகைப்படக் கலைஞர் அவர்களுட் தலையாயவர். அகதிகளைப் படமெடுத்து, அலைந்து திரியும் யூதர் என்ற பொருள்படும் தலைப்பில் அவ்வாண்டே கண்காட்சியும் வைத்தார்கள். யசுயி மறு ஆண்டு தமது முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். படமெடுக்கப் போனவர்களுள் யுத்தாக்கா தெசுக்கா என்பவரும் ஒருவர். யப்பானியச் சித்திரக் கதைகளின் தந்தை எனப் போற்றப்படும் ஒசாமு தெசுக்காவின் தகப்பனார் அவர். மகன் பின்னாளிற் கோபே யூதரையும் ஜேர்மனியரையும் வைத்து "அடோல்ப்" என்னும் பெருங்கதையை வரைந்தார். தகப்பன் கண்ட முகங்கள் மகன் கைக்கு வந்தனவோ என்று எமக்கு ஓர் எண்ணம்.

அக்கழகத்தார் படங்களை மாஸ்ரர் மனப்பாடமாக அறிவார். அவற்றில் ஒன்றிலே காணும் கல்மதிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. கந்தோர் இல்லை, அவ்விடத்திலே கல்லூரியொன்று இருக்கிறது. மதில் மாத்திரம் சரிவோடு சரிவாக வீதியோரத்திலே கிடக்கிறது. கடந்து போகும் மாணவர் அதன் மேற் சாய்ந்து நின்று கைப்பேசி பார்க்கிறார்கள். எங்கள் கல்லூரி மதிலிலும் அதுதான் நடக்கிறது.

மாஸ்ரர் படத்தைக் கையில் நீட்டிப் பிடித்து மதிலோடு ஒப்பிட்டார். நாலு அடி நகர்ந்தார், மறுபடி ஒப்பிட்டார். ஒரு கல்லின் மூலை உடைந்திருப்பதைக் காட்டினார். படத்திலும் பெண்ணின் முழங்கைக்கு மேலே ஒரு கல்லின் மூலை கறுத்துத் தோன்றுகிறது. "இதுதான்" என்றார். எம்மைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டால், ஒத்திருக்கிறது என்று மாத்திரமே சொல்வோம். எண்பத்து மூன்று ஆண்டுப் பாசியும் ஒரு பூமியதிர்ச்சியும் இடையில் இருக்கின்றன. ஆயினும் அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது கூழாங்கல்லைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மதிலின் இடுக்கொன்றிலே, கைக்கெட்டிய உயரத்தில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. பிறகு கமராவை எம்மிடம் தந்து, மதிலின் முன்னே போய் நின்றார். அன்னையார் நின்ற அதே நிலை. மேலங்கியைச் சரிசெய்து, தொப்பியைக் கழற்றினார்.

நாம் அவரை நடுவில் வைத்துப் படம் பிடிக்கப் பார்த்தோம். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நடுவில் வேண்டாம், மாஸ்ரர். என்னை வலப்பக்கமாக வையுங்கள். இடப்பக்கம் ஓராள் நிற்கிற அளவுக்கு இடம் விடுங்கள்."

அவ்வாறே எடுத்தோம். மூன்று முறை எடுத்தோம். ஒன்றாவது நன்றாக வரவேண்டும் அல்லவா? சரிவின் கீழே கடல் வெளுத்துக் கிடந்தது. மாணவர் இருவர், படம் கெடலாகாதென்று அந்த வெற்றிடத்தின் ஓரத்திலே வந்து, நாம் எடுத்து முடிக்கும் வரை காத்து நின்றார்கள்.